டீக்கடைச் சுவரில் ஜீப்பின் மூஞ்சி

போடிக்கு மேலே, பஸ் ஏறாத மலையில், ஈரப்பாறை என்று ஒரு ஊர். அங்கே ஆடியில் துவைத்த துணி புரட்டாசியில்தான் காயும் என்று கீழே இருப்பவர்கள் கேலி பேசுவார்கள்; ஈரப்பாறைக்காரர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், புரட்டாசியில் எங்கே காய்கிறது, தை பிறக்க வேண்டும் என்று திருத்துவார்கள். அந்த ஊருக்கும் போடிக்கும் தினமும் போய்வருகிற ஒரே வண்டி பொம்மக்காவின் பச்சை ஜீப். காப்பிக்கொட்டையும் மிளகும் அவரைக்காயும் இறங்குவது அதில்தான், அரிசியும் உப்பும் சோப்பும் ஏறுவது அதில்தான், வயிறு கனத்த பெண்கள் பிரசவத்துக்கு இறங்கிப் போவதும் பிள்ளையோடு ஏறி வருவதும் அதில்தான். பொம்மக்காவே ஓட்டுவாள். அவள் புருஷன் சுருளி ஊர் முகப்பில் டீக்கடை வைத்திருந்தான். அவள் ஓட்டுவாள், அவன் ஆற்றுவான் என்று ஊரில் ஒரு சொல் உண்டு.

அந்த ஜீப்பை ஆனி மாதத்தில் ஒரு காட்டுமாடு முட்டியது. பெரிய காரணம் ஒன்றுமில்லை. வளைவில் உண்ணிச்செடிப் புதரை விலக்கிக்கொண்டு இறங்கிய மாடு நின்று ஜீப்பைப் பார்த்தது, பொம்மக்காவும் என்ஜினை அணைத்துவிட்டு மாட்டைப் பார்த்தாள், இரண்டு பேருமே தப்பாக ஒன்றும் செய்யவில்லை, ஆனாலும் மாட்டுக்கு அந்த மூஞ்சி பிடிக்காமல் போய்விட்டது. நிதானமாக வந்து ஒரு முட்டு முட்டிவிட்டு, வந்த வேலை முடிந்தது என்பதுபோலத் தலையை உதறிக்கொண்டு பள்ளத்தில் இறங்கிப் போனது. காற்று வாங்குகிற முன்கிரில் உள்வாங்கி, பட்டைகள் கோணி, ரேடியேட்டரை உரசிக்கொண்டு நின்றது. வண்டியை உருட்டாத குறையாக ஊர் கொண்டுவந்து சேர்த்தாள்.

மறுநாள், எப்போதாவது மேலே வருகிற காய்கறி வண்டி ஒன்றில் தொற்றிக்கொண்டு கீழே போய், பழைய வண்டிகளை உடைத்து விற்கிற இடத்தில் தேடி, அதே மாதிரி ஜீப்பின் முன்கிரில் ஒன்றை எடுத்து வந்தாள். ஜீப் பச்சை, கிரில் மஞ்சள்.

"மெக்கானிக்கு வியாழக்கெழமைதான் மேல வர முடியுமாம்," என்றாள் சுருளியிடம். "அதுவரைக்கும் ஊரு உப்பில்லாம திங்குமா? வீட்டுலயே வச்சு நாமளே மாத்திருவோம் மாமா."

"எனக்கு டீ ஆத்தத்தான தெரியும்."

"போல்ட்டு கழட்டுறதும் டீ ஆத்துற மாதிரிதான். அவசரப்பட்டா கெட்டுப் போயிரும்."

ஞாயிற்றுக்கிழமை வாசலில் சாக்கை விரித்து ஆரம்பித்தார்கள். பானெட்டைத் தூக்கிக் கயிற்றால் கூரைவிட்டத்தோடு கட்டினார்கள், பேட்டரி ஒயரை எடுத்துவிட்டார்கள், இரண்டு ஹெட்லைட்டையும் கண்ணைத் தோண்டுவதுபோல மெதுவாக வெளியே எடுத்து, எந்த ஒயர் எங்கே என்று மறக்காமலிருக்கப் பொம்மக்கா ஒன்றில் சிவப்பு நூலும் ஒன்றில் வெள்ளை நூலும் கட்டினாள். மட்கார்டைப் பிடித்திருந்த போல்ட்டுகள் வந்துவிட்டன, ரேடியேட்டரைப் பிடித்திருந்தவையும் வந்துவிட்டன, அடியிலிருந்த ஒன்றுமட்டும் துருப்பிடித்து வரமாட்டேன் என்றது. மண்ணெண்ணெய் விட்டார்கள், வரவில்லை. சுருளி சுத்தியலை எடுத்தான்.

"ரேடியேட்டர் பொத்துக்கிரும், கீழ வையி. பாய்லர்ல கொதிக்கிற தண்ணி இருக்குல்ல, கொண்டா."

டீக்குக் கொதித்த தண்ணீரை அந்தப் போல்ட்டின் தலையில் ஊற்றினார்கள். ஆவி பறந்தது, துரு லேசாக முனகியது, ஸ்பானருக்குப் போல்ட்டு இளகிக் கொடுத்தது. புதுக் கிரில்லை வைத்தபோது ஒரு பக்கத் துளை பொருந்தினால் மறுபக்கத் துளை பொருந்தவில்லை. எல்லாப் போல்ட்டையும் முதலில் கையால் லேசாகச் சுற்றி விட்டுவிட்டு, பிறகு இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சமாக முறுக்கவேண்டும் என்று பொம்மக்கா கண்டுபிடித்தாள். இந்த மாதிரி வேலைகளில் முன்பெல்லாம் ஸ்பானரை அளவு பார்த்து எடுத்துக் கொடுப்பவள் அவர்களுடைய மகள் வனிதா. அவள் இரண்டு வருஷத்துக்கு முன்னால், போடியில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிற ஜெபராஜ் என்ற பையனை, வீட்டில் யாரிடமும் சொல்லாமல், அவன் சர்ச்சில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டாள். அன்றைக்குச் சுருளி, இனி அவள் பேர் என் காதில் விழக்கூடாது என்று சொன்னான், அதற்குப்பிறகு விழவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு பேரும் தப்பான ஸ்பானரை எடுத்து எடுத்துப் பார்த்தார்களே தவிர, ஒருவரும் அவள் பேரைச் சொல்லவில்லை.

சாயங்காலம் மஞ்சள் மூஞ்சியோடு ஜீப் உறுமியது. பழைய கிரில்லைச் சுருளி கல்லில் வைத்துத் தட்டி ஓரளவு நேராக்கி, டீக்கடையின் பின்சுவரில் குரங்குகள் பன் திருட வருகிற ஓட்டையில் வைத்துச் சிமெண்ட் பூசினான். அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்துகொண்டது. ஹெட்லைட் இருந்த வட்டங்களில் இரண்டு ஈயத் தட்டுகளைப் பதித்தான். கடைக்குள் நின்று பார்த்தால் சுவருக்கு வெளியே ஒரு ஜீப் வந்து எட்டிப் பார்ப்பதுபோல இருந்தது.

திங்கட்கிழமை காலை ஊரெல்லாம் தூறல். பொம்மக்கா சுமையேற்றிக்கொண்டு கிளம்பினாள். அவள் முதல் வளைவில் திரும்பியிருப்பாள், சுவரிலிருந்த கிரில் வழியாகக் கடைக்குள் காற்று வந்தது. முதலில் பனிக்காற்று, பிறகு தைலமரக் காற்று, அப்புறம் காப்பித் தோட்டத்துக் காற்று. வரவரச் சூடேறி, காய்ந்த புல்லும் மாந்தோப்பும் புழுதியும் கலந்து, வெயில் காய்கிற போடிக் காற்று, கண்ணாடி கிளாஸ்களை லேசாகக் குலுக்கிக்கொண்டு, ஈரப்பாறைக்காரர்கள் யாரும் தங்கள் ஊரில் இருந்துகொண்டு ஒருநாளும் அனுபவித்திராத வறட்டுக் காற்று, பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களின் முகத்தில் வந்து மோதியது. பிறகு காற்று நின்றுவிட்டது. உரித்த வெங்காய வாடையும் அழுகின தக்காளி வாடையும் மட்டும் மெல்லக் கசிந்து வந்தன.

"மார்க்கெட்டுக்குப் போயிட்டா," என்றான் சுருளி, கிளாஸைக் கழுவிக்கொண்டே.

பெஞ்சில் இருந்தவர்கள் ஆமாம் என்றார்கள். ஜீப்பின் மூஞ்சியாக அத்தனை வருஷம் இருந்த பொருள், ஜீப் வாங்குகிற காற்றை வாங்குவதில் அவர்களுக்கு விளங்காதது எதுவும் இல்லை. சுவருக்கு வெளியே போய்ப் பார்த்த ஒருவர் அங்கே தூறல்தான் விழுகிறது என்று வந்து சொன்னார், அதற்கு மற்றவர்கள், தூறல் விழத்தானே செய்யும் என்றார்கள்.

எதிர்வீட்டுப் பவுன்தாய்தான் அதன் உபயோகத்தை முதலில் கண்டவள். அவளுக்கு இரட்டைப் பிள்ளைகள், இரண்டும் மாற்றி மாற்றி நனைக்கிற வயசு. புழுதிக் காற்று அடித்த இரண்டாம் நாளே ஒரு கூடை ஈரத்துணியோடு வந்து, "அண்ணே, ஒரு ஓரமாப் போட்டுக்கிறேன்," என்று கடையின் குறுக்கே கொடி கட்டினாள். ஜீப் போடியை நெருங்குவதற்குள் துணிகள் மொறமொறவென்று ஆகிவிட்டன. அதற்கடுத்த நாள் கடையில் டீ குடிக்க இடமில்லை. சேலைகளும் வேட்டிகளும் பள்ளிக்கூடச் சட்டைகளும் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டு பறந்தன, அவற்றுக்கு நடுவே குனிந்து குனிந்து சுருளி டீ கொண்டுபோய்க் கொடுத்தான். மிளகு காயப்போட்டார்கள், அப்பளம் காயப்போட்டார்கள், தலைக்குக் குளித்த பெண்கள் முடியை விரித்துப் போட்டுக்கொண்டு கிரில்லுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். சண்டை வந்தபோது வார்டு மெம்பர் காமராசு வந்து, பச்சைப்பிள்ளைத் துணிக்கு முதல் இடம், பள்ளிக்கூடத் துணிக்கு அடுத்த இடம், அப்பளம் கடைசி என்று தீர்ப்புச் சொன்னார். சாயங்காலம் ஜீப்பை விட்டு இறங்குகிற பொம்மக்காவிடம், "மதினி, இன்னைக்குப் பாலத்துக்கிட்ட ரொம்ப மெதுவாப் போயிட்டீங்க, எங்க வீட்டுக்காரர் சட்டை காலரு காயவே இல்ல," என்று பவுன்தாய் குறை சொன்னாள்.

"நாளைக்கு வெரட்டுறேன்," என்றாள் பொம்மக்கா.

காற்று ஒருவழிப்பாதை இல்லை என்பதும் சீக்கிரமே தெரிந்தது. மலைப்பாதையில் இரண்டு வளைவுகள் ஒரே திருப்பில் திரும்பாது, பின்னால் எடுத்துத்தான் திருப்பவேண்டும். ஜீப் பின்னால் போகும்போதெல்லாம் கிரில் கடைக்காற்றை உள்ளிழுத்துக்கொண்டது. ஒருநாள் காயப்போட்டிருந்த மிளகாய்த்தூள் தட்டிலிருந்து எழுந்து கிரில்லுக்குள் போனது. அதே நேரம் மலைப்பாதையில், ஜீப் திரும்பட்டும் என்று அதற்கு முன்னால் ஒதுங்கி நின்ற பால்காரர், மூச்சுவிட முடியாமல் தும்மினார். அதிலிருந்து வளைவு நேரம் வந்தால், "ரிவர்ஸு, ரிவர்ஸு" என்று யாராவது குரல் கொடுக்க, எல்லாரும் அவரவர் அப்பளத்தின்மேல் கையை வைத்துக்கொள்வார்கள்.

இப்படி ஆவணி பிறந்தது. ஒரு காலையில், வெங்காய வாடை வந்து போன பிறகு, காற்று கொஞ்சமாக அசைந்து, திரும்பி, நெருக்கமான ஒரு சந்துக்குள் புகுந்ததுபோலச் சாக்கடையும் சுண்ணாம்பும் மணத்து, நின்றது. நின்ற இடத்திலிருந்து சாம்பிராணி மணம் வந்தது. பின்னாலேயே விளக்கெண்ணெய், பயத்தமாவு, சுட்ட வசம்பு, புளித்த தாய்ப்பால். கடையில் கொடியோரம் நின்ற பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினார்கள். அதை என்னவென்று அவர்களுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. எங்கேயோ ஒரு பச்சைப்பிள்ளையை இப்போதுதான் குளிப்பாட்டி, புகை காட்டி, காலை நீட்டிப் போட்டிருக்கிறார்கள்.

பவுன்தாய் சுருளியைப் பார்த்தாள். சுருளி பாய்லரின் நெருப்பைப் பார்த்தான்.

போடியில் பொம்மக்கா போய் நிற்கிற வீடு வேறு எதுவாக இருக்கும்? அவள் மகளைப் பார்க்கப் போவது ஊரில் எல்லாருக்கும் தெரியும், சுருளிக்கும் தெரியும், தெரியும் என்பதை மட்டும் அவன் யாருக்கும் தெரிவித்ததில்லை. வனிதா உண்டானதும் பெற்றதும்தான் அதுவரை அவனுக்குத் தெரியாது. முன்பெல்லாம் பொம்மக்கா வண்டியை மெயின்ரோட்டில் விட்டுவிட்டு நடந்துதான் மகள் வீட்டுக்குப் போவாள். கிரில்லின் சேதி தெரிந்த பிறகுதான், முட்டுச்சந்தான அந்தத் தெருவுக்குள் வண்டியை விட்டு, கதவுகள் இரண்டு பக்கச் சுவரையும் உரசாமல் கவனமாக ஓட்டிப் போய், மூஞ்சியை மகள் வீட்டு வாசலுக்கு நேராகக் கொடுத்து நிறுத்த ஆரம்பித்தாள். ஏன் அப்படிச் செய்கிறாய் என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை.

அவன் காதுக்குத்தான் தடை போட்டிருந்தான், மூக்குக்குப் போடவில்லை. தினமும் அந்த நேரம் ஆனதும் சுருளிக்குப் பின்சுவரோரம் ஏதாவது வேலை வந்தது. பெஞ்சைத் துடைத்தான், கிரில்லின் பட்டைகளில் ஒட்டடை அடித்தான், காலி டப்பாக்களை எடுத்து எடுத்து அடுக்கினான். பெண்களும் அந்த நேரத்தில் துணியெடுக்க வருவதை நிறுத்திக்கொண்டார்கள், வருகிறவர்களைப் பவுன்தாய் வாசலிலேயே மறித்து, "அண்ணே கணக்குப் பாக்குறாரு, அப்புறம் வா," என்று திருப்பி அனுப்பினாள். சுருளி கணக்குப் பார்க்கிற வழக்கமே இல்லாதவன் என்று எல்லாருக்கும் தெரியும், சரி மதினி என்று போய்விட்டார்கள்.

ஒருநாள் சாம்பிராணி மணம் வரவில்லை. சந்து வந்தது, சாக்கடை வந்தது, சுண்ணாம்பு வந்தது, அதற்குமேல் ஒன்றுமில்லை. சுருளி கிரில்லில் நெற்றியைப் பதித்து நின்றான். ஓமம் கொதிக்கிற வாடையும் புளித்த துணி வாடையும் மட்டும் வந்தது. அன்றைக்கு அவன் டீயில் சர்க்கரை போட மறந்தான், கேட்டவர்களுக்கு இரண்டு தடவை போட்டான், சாயங்காலம் ஜீப் வந்து நின்றதும் பொம்மக்கா இறங்குவதற்கு முன்னாலேயே போய் நின்றான்.

"என்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. சளியா?"

பொம்மக்கா சாவியை எடுத்து மடியில் செருகினாள். "லேசாச் சளி. குளிப்பாட்டல. டாக்டருட்ட காட்டியாச்சு, பயப்பட ஒண்ணுமில்லன்னுட்டாரு."

"ம்."

"அவளுக்குத்தான் பால் பத்தல. சரியாச் சாப்பிடுறதில்ல. மாமியாக்காரி இல்லாத வீடு, அந்தப் பையன் என்னத்தச் சமைப்பான்."

சுருளி அரிசி மூட்டையை இறக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தான்.

மறுநாள் காலை, ஜீப் கிளம்பிப் போன பிறகு, டீப் பாத்திரத்தை இறக்கிவிட்டு அடுப்பில் வாணலியை வைத்தான். நல்லெண்ணெய் ஊற்றி, ஒரு முறம் பூண்டை உரித்துப் போட்டு, சிவக்க வதக்கி, மிளகும் சீரகமும் சுக்கும் அரைத்துவிட்டுக் குழம்பு வைத்தான். பிள்ளை பெற்றவளுக்கு வைக்கிற பத்தியக் குழம்பு. அதை வேறு எதற்கும் ஈரப்பாறையில் வைப்பதில்லை. அந்த மணம் தெருவைத் தாண்டிப் போய்ப் பவுன்தாயைக் கூட்டிக்கொண்டு வந்தது.

"யாருக்குண்ணே பத்தியக் கொழம்பு?"

"எனக்குத்தான். வாயு."

"வாயுவுக்கு இவ்வளவு பூண்டா?"

"பெரிய வாயு."

பவுன்தாய் சிரிக்காமல், கொடியில் கிடந்த துணிகளையெல்லாம் ஒன்றுவிடாமல் உருவி எடுத்தாள். பிறகு அவளும் சுருளியுமாக வாணலியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கிரில்லுக்கு நேரே பெஞ்சின்மேல் வைத்தார்கள். காற்று சந்துக்குள் புகுந்து நின்றது. சாம்பிராணி வந்தது, பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டார்கள். சுருளி கரண்டியால் குழம்பைக் கிண்டிக்கொண்டே நின்றான். முட்டுச்சந்தில் ஜீப் திரும்பாது, பொம்மக்கா பின்னால் எடுத்துத்தான் வெளியே வரவேண்டும். வெகுநேரம் கழித்து, வாணலியிலிருந்து நேராக எழுந்துகொண்டிருந்த ஆவி வளைந்தது, நூல் பிடித்ததுபோலக் கிரில்லின் பட்டைகளுக்கு நடுவே நுழைந்து போனது. சுருளி துண்டை எடுத்து வீசு வீசென்று வீசினான். பவுன்தாய் முந்தானையால் வீசினாள். கடையில் பூண்டு வாசனை துளிகூட மிச்சமில்லாமல் போகும்வரை வீசினார்கள்.

போடியில், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மாவை வழியனுப்ப வாசலில் நின்ற வனிதாவின் முகத்தில், பின்வாங்கிப் போகிற ஜீப்பின் மஞ்சள் மூஞ்சியிலிருந்து அந்தக் காற்று வந்து மோதியது. சுக்கைக் கொஞ்சம் கருக விட்டுவிடுவது அவள் அப்பாவின் கைப்பழக்கம். அவள் அப்படியே நின்றாள். பிறகு கையைக் காட்டி ஜீப்பை நிறுத்தச் சொன்னாள். பொம்மக்கா பிரேக்கை அழுத்தினாள்.

ஈரப்பாறையில் ஆவி மறுபடியும் நேராக எழுந்தது. வண்டி நின்றுவிட்டது என்று சுருளிக்குத் தெரிந்தது. அவன் துண்டை இறக்கினான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம், சாம்பிராணியையும் எண்ணெயையும் எல்லாம் தள்ளிவிட்டு, மிகப் பக்கத்தில், பச்சைப்பிள்ளையின் உச்சந்தலை மணம் கிரில் வழியாக வந்தது. வனிதா நடந்து வந்து பிள்ளையை ஜீப்பின் முன்னால் ஏந்திப் பிடித்திருந்தாள். பின்னாலேயே சின்னதாக ஒரு மூச்சு, பால் மணக்கிற மூச்சு, வெதுவெதுப்பாக வந்து சுருளியின் கன்னத்தில் பட்டது, விலகியது, பட்டது. பவுன்தாய் சத்தமில்லாமல் வெளியே போய், கதவைச் சாத்திக்கொண்டு, கடை இன்றைக்கு இல்லை என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

சாயங்காலம் பொம்மக்கா வந்தபோது சுருளி கிளாஸ்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவளுக்கு டீ ஆற்றிக் கொடுத்துவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு சொன்னான்:

"நாளைக்குத் திரும்பி வரும்போது முன்சீட்டுல மூட்டை கீட்டை வைக்காத. காலியாக் கொண்டா."

"பின்சீட்டு?"

சுருளி துடைத்த கிளாஸையே மறுபடி துடைத்தான். "அந்தப் பையனுக்குக் கடையில வேல இருக்காதா?"

"நாளைக்கு லீவு விட்டுக்கிருவான்."

"அப்ப பின்சீட்டுலயும் வைக்காத."

அடுத்த நாள் ஊரில் எல்லார் வீட்டுத் துணியும் எப்படியோ நனைந்துவிட்டது. சாயங்காலம் எல்லாரும் கூடையோடு டீக்கடையில் இருந்தார்கள். மாந்தோப்பு வந்தது, காய்ந்த புல் வந்தது. "பாலம் தாண்டிட்டாங்க," என்றார் மெம்பர். காற்று அன்றைக்குத் தாலாட்டுகிற மாதிரி அத்தனை மெதுவாக வந்தது, ஒரு துணிகூடக் காயாது, யாரும் குறை சொல்லவில்லை. காப்பித் தோட்டம் வந்தது, தைலமரம் வந்தது. கடைசியில் பனியும் வந்து, கிரில் வழியாக வருகிற காற்றும் வாசல் வழியாக வருகிற காற்றும் ஒன்றேயாகி, வெளியே என்ஜின் சத்தம் கேட்டது.

வனிதா இறங்கினாள். "அப்பா," என்றாள். பிள்ளையைச் சுருளியின் கையில் வைத்தாள். பெண்பிள்ளை, அவன் மூக்கைப் பிடித்துப் பார்த்தது. பின்சீட்டிலிருந்து ஜெபராஜ் இறங்கி, எங்கே நிற்பது என்று தெரியாமல், ஜீப்பின் ஹெட்லைட்டைப் பரிசோதிப்பவன்போலக் குனிந்து நின்றான். ஊரே இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. சுருளி பிள்ளையை ஒரு கையில் அணைத்துக்கொண்டு மறுகையால் டீயை ஆற்றி, அவனிடம் கொண்டுபோய் நீட்டினான்.

"சர்க்கரை காணுமா, பாருங்க."

ஜெபராஜ் குடித்துப் பார்த்தான். "போதும் மாமா, காணும்," என்றான்.

வனிதா மார்கழி வரைக்கும் அம்மா வீட்டில் இருந்தாள். ஜெபராஜ் அடுத்த நாளே பொம்மக்காவோடு இறங்கிப் போய்விட்டான், அவனுக்குக் கட்டவேண்டிய மோட்டார்கள் நிறைய இருந்தன. அதற்குப்பிறகு ஈரப்பாறையில் காலைகள் இப்படி ஆயின: புழுதிக் காற்று வரும், ஊர் துணி காயவைக்கும், வெங்காயம் வரும், மெம்பர் டீ கேட்பார், அப்புறம் காற்று ஜெபராஜ் கடை வாசலில் நின்று, காயிலுக்குப் பூசுகிற வார்னிஷ் வாடை டீக்கடை முழுக்கப் பரவும். அடுப்பின்மேல் பால் பொங்கினாலும் பொங்கட்டும் என்று விட்டுவிட்டுச் சுருளி வீட்டுப்பக்கம் திரும்பிக் கத்துவான்:

"ஏ வனிதா, புள்ளையத் தூக்கிட்டு ஓடியா. அவ அப்பன் வந்து நிக்கிறான் பாரு."